கோயில் மானியத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கு: அடையாறும் ஆடற்கலையும்

அடையாற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் தோட்டத்தைச் சுற்றி உருவான ஒரு சிறிய வட்டாரத்திலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், தமிழகத்துப் பரம்பரை ஆடல் மகளிரின் வாழ்வை அடியோடு மாற்றிய இரண்டு முயற்சிகள் புறப்பட்டன. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்கப் புறப்பட்டது ஒன்று. அப்பெண்கள் ஆடிவந்த சதிரைப் பரதநாட்டியம் என்ற பெயரில் பாடத்திட்டமும் சான்றிதழும் உள்ள கல்வியாக மாற்றப் புறப்பட்டது மற்றொன்று. முன்னதைச் சமூகச் சீர்திருத்த வரலாற்றிலும் பின்னதைக் கலை வரலாற்றிலும் தனித்தனியே வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் கலைஞருக்குச் சோறு போட்டது யார், ஆடுவதற்கு இடம் கொடுத்தது யார், அதற்கு ஈடாக அவர்கள் கேட்டது என்ன என்ற கேள்விகளோடு அணுகினால், இவ்விரண்டும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பது விளங்கும்.

பழைய ஏற்பாட்டை முதலில் அறிந்துகொள்வது நல்லது. பொட்டுக்கட்டுதல் என்பது, ஒரு பெண்ணைத் தெய்வத்தின் மனைவியாகக் கருதி அவள் கழுத்தில் பொட்டு என்னும் தாலியைக் கட்டிக் கோயில் பணிக்கு உரியவளாக்கும் சடங்கு. அப்பணிக்கு ஈடாகக் கோயிலிலிருந்து நாள்தோறும் அளக்கப்படும் படியும், குடியிருக்க வீடும், பல ஊர்களில் மானிய நிலமும் அவளுக்குக் கிடைத்தன. மானியம் என்பது இன்ன பணியைச் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் வரிவிலக்காகவோ வரிச்சலுகையுடனோ அளிக்கப்பட்ட நிலம்; பணி நின்றால் நிலத்தின் மீதான உரிமையும் நிற்கும். ஆடுபவருக்குப் பயிற்சி அளித்து, மேடையில் தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி நிகழ்ச்சியை நடத்திச் செல்லும் ஆசானுக்கு நட்டுவனார் என்று பெயர். நட்டுவனார், ஆடுபவர், மத்தளம் அல்லது மிருதங்கம், முகவீணை அல்லது கிளாரினெட், துருத்தி வாசிப்போர் ஆகியோர் சேர்ந்த குழு, நாகஸ்வரக் குழுவாகிய பெரிய மேளத்திலிருந்து வேறுபடுத்தி, சின்ன மேளம் எனப்பட்டது. மேளம் என்பது கலைக்குழுவாக இருந்ததோடு ஒரு தொழில் அமைப்பாகவும் இருந்தது. கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ பேசி வாங்கிய தொகை குழுவினரிடையே முறைப்படி பங்கிடப்பட்டது.

இந்த ஏற்பாட்டுக்கு மேலே குடையாக இருந்தது தஞ்சை அரசவை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர், இரண்டாம் சரபோஜியின் காலத்தையொட்டி, அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்றும் மேடைகளில் காணப்படும் நிகழ்ச்சி வரிசைக்கு உருவம் தந்தவர்கள். 1855-இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சையைத் தன்வசப்படுத்திக்கொண்டது. அவையை நம்பியிருந்த கலைஞர் பலர் சென்னைக்கு வந்து, வணிகர்களையும் ஜமீன்தார்களையும் நாடினர். புதிய புரவலரிடம் பணம் இருந்தது. அரசவையில் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த நிலையான மரியாதையை அவர்களால் தர முடியவில்லை. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு கூலி என்ற நிலைக்கு ஆடற்கலை இறங்கியதற்குப் பின்னரே, 1890-களில், அதைக் காண்பதும் ஆதரிப்பதும் இழிவு என்ற பிரசாரம் சென்னையில் வலுத்தது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். வறுமையையும் பழியையும் ஒருசேரச் சுமந்த ஒரு கலைக்குடியே 1900-களுக்குள் நுழைந்தது.

1875-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரம்மஞான சபை, 1882-இல் அடையாற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற வளமனையை வாங்கித் தன் தலைமையகத்தை அங்கே அமைத்தது. 1907-இல் தலைவரான அன்னி பெசன்ட் அந்தத் தோட்டத்தை அரசியல், கல்வி, பெண்ணுரிமை ஆகியவற்றின் கூடமாக்கினார். இந்திய மாதர் சங்கம் 1917-இல் அடையாற்றில் பிறந்தது. அச்சங்கத்தில் பணியாற்றியவரும், அன்றைய சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவராகத் திகழ்ந்தவருமான மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தாய் வழியில் ஆடல் மகளிர் மரபின் துயரை நேரில் அறிந்தவர். அவர் முயற்சியால் 1929-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், கோயில் பணி என்ற கட்டுப்பாட்டிலிருந்து மானிய நிலங்களை விடுவித்து, பணி செய்யாவிட்டாலும் நிலம் அப்பெண்களுக்கே நிலைக்கும்படி செய்தது. சீர்திருத்தத்தைப் பொருளாதாரத்தோடு இணைத்துச் சிந்தித்த அந்த நுட்பம் போதுமான அளவு பாராட்டப்படவில்லை. பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. இதற்கிடையே, தங்கும் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட அம்மரபுச் சிறுமியருக்காக அவர் 1930-இல் தொடங்கிய அவ்வை இல்லம், அடையாற்றிலேயே, அன்னி பெசன்ட் பெயர் தாங்கிய சாலையில் வேரூன்றியது.

நிலமும் வீடும் இல்லாத பெண்களுக்கும், நிலத்தில் உரிமையே இல்லாத நட்டுவனார்களுக்கும் இச்சட்டங்கள் எதையும் தரவில்லை. பழி அஞ்சிக் கல்யாணங்களில் சதிர் வைப்பது குறைந்தது. கோயில்களில் அது நின்றது. அந்த வெற்றிடத்தில் சபா என்ற புதிய புரவலர் வந்தார். சபா என்பது சந்தா செலுத்தும் உறுப்பினர்களால் நடத்தப்பட்டு, நுழைவுச் சீட்டு விற்று, கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் சங்கம். 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை விழாவின் பயனாகத் தோன்றி 1928-இல் செயல்படத் தொடங்கிய மியூசிக் அகாதெமி அவற்றில் முதன்மையானது. அதன் செயலாளர்களுள் ஒருவரும், தாமே பெண் வேடமிட்டுச் சதிர் ஆடிக்காட்டியவருமான வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர், வழக்கத்தை ஒழிப்பதற்காகக் கலையையும் சேர்த்து ஒழித்துவிடக் கூடாது என்று முத்துலட்சுமி ரெட்டியோடு செய்தித்தாள்களில் வாதிட்டார். பரம்பரை ஆடல் குடும்பத்தைச் சேர்ந்த திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் 1931-இலும் 1933-இலும் அகாதெமி மேடையில் ஆடினர். 1933-இல் பார்வையாளராக வந்திருந்தவர்களுள் அடையாற்றிலிருந்து வந்த ருக்மிணி தேவியும் ஒருவர்.

1904-இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி, பிரம்மஞான சபையைச் சேர்ந்த பொறியாளர் நீலகண்ட சாஸ்திரியின் மகள். 1920-இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தவர். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், தஞ்சை நால்வரின் வழித்தோன்றலான பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அவர் நடனம் பயின்றார். 1935 டிசம்பரில், சபையின் வைரவிழா மாநாட்டின்போது, அடையாறு தோட்டத்து ஆலமரத்தடியில் அவர் ஆடினார். மரபுவழிக் குடும்பத்தைச் சாராத, சமூகத்தில் உயர் மதிப்புப் பெற்ற ஒரு பெண், உலகெங்கிலுமிருந்து வந்திருந்த பிரதிநிதிகளின் முன் சதிர் ஆடினார் என்பதே அன்றைய செய்தி. அடுத்த சில நாட்களில், 1936 ஜனவரியில், சர்வதேசக் கலைக் கழகம் என்ற பெயரில் ஒரு நிறுவனம் உருவாகி, பின்னர் கலாக்ஷேத்ரா ஆயிற்று.

சபை இந்தப் புதிய நிறுவனத்துக்குத் தந்தவை பல: வகுப்பு நடத்த நிழலும் கட்டிடமும், ஆண்டுதோறும் மாநாட்டுக்கு வரும் பார்வையாளர் கூட்டம், மேடை ஒளியமைப்பும் உடையமைப்பும் அறிந்த மேனாட்டு அன்பர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, பழி ஒட்டாத ஒரு முகவரி. இத்தகைய உதவிகள் எழுதப்படாத ஒரு நிபந்தனையுடனேயே வரும். கலை ஆன்மிக உயர்வுக்குரிய சாதனம் என்ற சபையின் நம்பிக்கை, ஆடலின் உருவத்திலேயே பதிந்தது. ஆடுபவரின் பின்னால் நின்று அவருடனேயே நகர்ந்து வாசித்த இசைக்குழு மேடையின் ஒரு பக்கத்தில் அமர்த்தப்பட்டது. தைத்த உடைகள் வந்தன. மேடையில் நடராஜர் படிமம் வந்தது. நாயக நாயகி பாவத்தில் அமைந்த சிருங்காரப் பாடல்களில், உடலின் வேட்கையை வெளிப்படையாகச் சொல்லும் இடங்கள் விலக்கப்பட்டன அல்லது மென்மையாக்கப்பட்டன. மரபுவழி வந்த மேதை பாலசரஸ்வதி, சிருங்காரமே இக்கலையின் உயிர் என்று இறுதிவரை வலியுறுத்தியதை, இரண்டு கலைஞர்களின் சுவை வேறுபாடாக மட்டும் கருதினால் பாதி உண்மை விடுபட்டுப்போகும். இடம் கொடுத்தவரின் நம்பிக்கைக்கு ஆடல் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் அந்த விவாதத்தில் அடங்கியிருந்தது.

இந்த மாற்றம் மிக நெருக்கமாகப் புலப்படும் இடம் நட்டுவனாரின் கை. வகுப்பில் அவர் முன்னால் ஒரு மரப்பலகையும், கையில் தட்டுக்கழி என்னும் ஒரு முழ நீளக் குறுந்தடியும் இருக்கும். பலகையில் கழி விழும் ஓசைக்கு மாணவியின் பாதம் பதில் சொல்ல வேண்டும். மேடையில் கழிக்குப் பதிலாக ஒன்று இரும்பாலும் மற்றொன்று வெண்கலத்தாலும் ஆன இரண்டு தாளங்கள் வரும். எந்த அடவுக்கு எந்தச் சொற்கட்டு, எந்தத் தீர்மானம் எங்கே முடியும், எந்த மாணவிக்கு எந்த வர்ணம் எப்போது கற்றுத் தரத் தகும் என்பவை எல்லாம் எழுதி வைக்கப்படாமல் நட்டுவனார் குடும்பங்களின் நினைவில் இருந்தன. அந்த நினைவே அவர்களின் சொத்து. மேளத்தின் வருவாயில் அவர்களுக்கு இருந்த பங்குக்கும் அதுவே ஆதாரம். கலாக்ஷேத்ராவில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், அவருக்குப் பின் அவர் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும், அபிநயம் கற்பிக்கக் கௌரி அம்மாளும் ஆசிரியர்களாக அமைந்தபோது, அந்தச் சொத்து மாதச் சம்பளம் பெறும் பணியாக மாறியது. சிறு மாற்றம் போலத் தோன்றும், விளைவோ பெரிது. பங்குதாரர் ஊழியரானார்.

1940-களின் முற்பகுதியில் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்ராவை விட்டு விலகினார். நட்டுவனார் இல்லாமல் நாட்டியம் நிகழாது என்பது அதுவரை யாரும் ஐயுறாத விதி. ருக்மிணி தேவி தாளத்தைத் தம் கையிலேயே எடுத்துக்கொண்டார். தம் மாணவியரையும் நட்டுவனார் பணியாகிய நட்டுவாங்கத்துக்குப் பழக்கினார். பெண்களுக்கும் பிற குடும்பத்தாருக்கும் மூடியிருந்த ஒரு கதவு அன்று திறந்தது என்பதில் ஐயமில்லை, அந்தத் துணிவை மதித்தே ஆக வேண்டும். அதே நேரத்தில், ஒரு குடியின் கடைசிப் பேரம் பேசும் வலிமையும் அன்றுதான் மறைந்தது. இனி ஒரு நட்டுவனார் விலகினால் நிகழ்ச்சி நிற்காது. கோயிலும் அரசவையும் மேளத்தை நம்பியிருந்தன. நிறுவனம் மேளத்தை நம்பியிருக்க வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று.

இதனால் நிறுவனம் கலைஞரைக் கைவிட்டது என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்து அரசவை ஆதரவு அடியோடு மறைந்த காலத்தில், மைசூர் அரசவை வித்வானாக இருந்த வாசுதேவாசாரியார் தம் முதுமையில் வந்து தங்கியது கலாக்ஷேத்ராவில்தான். 1955-இல் சீதா சுயம்வரத்தில் தொடங்கிய இராமாயண நாட்டிய நாடக வரிசைக்கு அவர் இசையமைத்தார். டைகர் வரதாச்சாரியார், காரைக்குடி சாம்பசிவ ஐயர், பாபநாசம் சிவன், கதகளி ஆசான் சந்து பணிக்கர் போன்றோருக்கும் அங்கே இடம் இருந்தது. 1942-இல் உ.வே. சாமிநாதையர் மறைந்தபின் அவர் வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்த ஏட்டுச் சுவடிகள் கலாக்ஷேத்ராவின் பொறுப்பில் பாதுகாக்கப்பட்டு, 1967-இல் பெசன்ட் நகரில் தனிக் கட்டிடம் பெற்றன. தமிழுலகம் இதற்குப் பட்டிருக்கும் கடன் பெரிது.

இத்தனை பேரைத் தாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை தறியில் கிடைக்கும். நிறுவனம் தோன்றிய அடுத்த ஆண்டிலேயே, 1937-இல், நெசவுக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. பழைய கோயில் புடவைகளின் அகலக் கரைகளையும் ஆழ்ந்த வண்ணங்களையும் மீட்டெடுத்து நெய்யப்பட்ட புடவைகள், நாடகங்களுக்கு உடையாகவும் வெளியாருக்கு விற்பனைப் பொருளாகவும் பயன்பட்டன. அவற்றின் சிறப்பு கோர்வை என்னும் முறை. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா எனத் தனித்தனி நிற ஊடை இழைகள் ஓடி, உடலும் கரையும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று கொக்கிபோலப் பற்றிக்கொள்ளும். அந்த இணைப்பு தளர்ந்தால் கரை பிரிந்துவிடும், இறுகினால் புடவை சுருங்கும். நெசவாளருக்குத் துணையாக மறுபக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டியிருப்பதால், ஒரு நாளில் ஏறும் துணியின் அளவு குறைவு. பின்னாளில், கமலாதேவி சட்டோபாத்யாயின் ஊக்கத்துடன், இயற்கைச் சாயமிட்ட கலம்காரித் துணிகளும் அங்கே உருவாயின. கலாக்ஷேத்ராப் புடவை என்ற சொல் சென்னை வீடுகளில் நாட்டியத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களிடமும் வழங்கலாயிற்று. ஆயினும் தறி மட்டும் ஒரு பள்ளியைத் தாங்கிவிட முடியாது. நன்கொடையும், கட்டணமும், சுற்றுப்பயண வருவாயும், காலப்போக்கில் அரசு மானியமும் தேவைப்பட்டன. நிலமாக இருந்த மானியம், இந்தத் தலைமுறையில், ஆண்டுதோறும் விண்ணப்பித்துப் பெறும் பணமாக மறுபிறவி எடுத்தது.

பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேல் 1945-இல் மறைந்து, ஜினராஜதாசர் அப்பதவிக்கு வந்தபின், சபை நிலத்தில் கலாக்ஷேத்ரா இயங்குவதற்கு இருந்த ஆதரவு தளர்ந்தது. ஆலமரத்து நிழல் எவ்வளவு பரந்திருந்தாலும் மரம் பிறருடையது என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின. திருவான்மியூரில், அன்று மணலும் முட்செடியுமாகக் கிடந்த கடற்கரையோரத்தில், ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலம் சேர்ந்தது. 1962-இல் கலாக்ஷேத்ரா அங்கே குடியேறியது. அங்கேயும் ஓர் ஆல் வளர்க்கப்பட்டது. கேரளக் கோயில் கூத்தம்பலத்தின் அமைப்பில் அப்புக்குட்டன் நாயர் வடிவமைத்த அரங்கமும் பின்னர் அங்கே எழுந்தது.

இதற்குள் ருக்மிணி தேவி 1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகி, 1962 வரை அப்பதவியில் இருந்தார். அவர் முன்வைத்த தனிநபர் மசோதாவின் விளைவாகவே, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் அரசின் சட்டமாக நிறைவேறியது. 1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிய விரும்பியபோது அவர் மறுத்துவிட்டார். தில்லியோடு இவ்வளவு நெருக்கம் இருந்தும், நிறுவனத்தைத் தம் கையிலும் தம் நம்பிக்கைக்குரியோர் கையிலுமே அவர் வைத்திருந்தார். அவர் காலத்தில் அது வலிமையாக இருந்தது. அவருக்குப் பின் அதுவே இடர் ஆயிற்று. 1986 பிப்ரவரியில் அவர் மறைந்தபின், அறக்கட்டளையின் உரிமையும் நிர்வாகமும் குறித்து எழுந்த பூசல்கள் நீதிமன்றம் வரை சென்றன. இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டம், 1993, அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்து, சொத்துகளைப் புதிய அமைப்பின் கீழ் கொண்டுவந்து, தலைவரையும் இயக்குநரையும் நியமிக்கும் உரிமையை மத்திய அரசிடம் ஒப்படைத்தது.

அதே கடற்கரையில் இன்னும் சற்றுத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியரும் சிற்பிகளும் அமைத்த சோழமண்டல ஓவியர் கிராமத்தை இதனோடு ஒப்பிடுவது பயன் தரும். பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருவாயில் ஒரு பங்கைப் பொதுநிதியில் சேர்த்து, அவர்களே நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். வாங்குவோரின் விருப்பத்துக்கு ஓவியத்தை வளைக்காதிருப்பதற்காகக் கைவினையால் வயிற்றைக் கழுவினார்கள். கலைஞரே நிலத்துக்கு உரியவராக இருக்கும் அந்த ஏற்பாடு நாட்டியத்துக்கு அவ்வளவு எளிதில் பொருந்துவதில்லை. ஓவியர் தனித்து வேலை செய்யலாம்; ஆடுபவருக்கோ பாடகர், தாளம் தட்டுபவர், மிருதங்கம் வாசிப்பவர், ஆடுதளம், பார்வையாளர் எல்லோரும் வேண்டும். கூட்டாகச் செய்யும் கலைக்கு நிறுவனம் இன்றியமையாததாகிறது. ஆகவே அந்த நிறுவனத்தை ஆள்வது யார் என்ற கேள்வியும் கூர்மையாகிறது.

அரசின் சட்டம் அக்கேள்வியைத் தீர்த்துவிடவில்லை. 2023-இல் மாணவ மாணவியர் பாலியல் துன்புறுத்தல் புகார்களை முன்வைத்து வளாகத்தில் போராடியபோது, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக்குழு அமைக்க வேண்டியிருந்தது. குருகுல வழக்கும் அரசு நிறுவன ஒழுங்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில், குருவின் சொல்லுக்குக் கட்டுப்படப் பழகிய மாணவர் தம் குறையை யாரிடம் சொல்வது என்பதற்கு, நிதிக்குழுவும் ஆட்சிக்குழுவும் இருப்பது மட்டுமே விடையாகாது என்பதை அந்தப் போராட்டம் காட்டியது.

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் பணியாற்றிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்த கௌரி அம்மாள், பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் கற்பித்தவர். கோயில் வழி வந்த வீட்டைச் சட்டத்துக்குப் பின் இழந்து, 1971-இல் வறுமையில் மறைந்தார். பொட்டுக்கட்டுவதை ஒழித்த சட்டமும், கலையைக் காத்த பள்ளியும் அவர் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. அந்த இடைவெளியைக் குறைக்க ஒரு வழி உண்டு: கலாக்ஷேத்ரா சட்டம், கலைஞர்களையும் கலையறிஞர்களையும் ஆட்சிக்குழுவில் நியமிக்க மத்திய அரசுக்கு இடம் தருகிறது. தஞ்சை, பந்தநல்லூர், வழுவூர், திருவாளப்புத்தூர் மரபுகளில் வந்த, இசை வேளாளர் எனப்படும் நட்டுவனார், ஆடல் மகளிர் குடும்பங்களுக்கு அக்குழுவில் நிலையான ஓர் இடம் ஒதுக்குவதற்கு, சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவைகூட இல்லை. அந்த நியமனத்தை அரசு இனியும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும்.